சுவரைப் பார்த்து உட்காருதல்: ஜென் குறித்துச் சில தொடக்கநிலைக் குறிப்புகள்

ஜென் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் யாரும் முழங்காலைப் பற்றி எழுதுவதில்லை. நிரம்பி வழிகிற தேநீர்க் கோப்பை, நிலவைக் காட்டும் விரல், ஒற்றைக் கையின் ஓசை எல்லாம் தவறாமல் வந்துவிடும். ஓஷோ மொழிபெயர்ப்புகள் வழியாகவும் ஹைக்கூ வழியாகவும் அது நமக்கு வந்து சேர்ந்ததன் விளைவு இது. (ஹைக்கூவின் வரவு இன்னும் பழசு. பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார்.) ஆக நமது சூழலில் ஜென் என்பது ஒரு சொல்முறை, சாமர்த்தியமான குட்டிக்கதை, சில சமயம் மூன்று வரிக் கவிதைக்கான உரிமம். அடிப்படையில் அது ஒரு உடம்பு தரையில் அசையாமல் இருக்கிற வேலை என்பது உட்கார்ந்து முழங்கால் கெஞ்சிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

தத்துவத் தேட்டத்தில் நான் அங்கே போகவில்லை. சாதி வன்முறை நடந்த ஒரு கிராமத்துக்கு உண்மை அறியும் குழுவில் ஒருவனாகப் போய்வந்தேன். தமிழ் எம்.ஏ. என்பதால் அறிக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாட்சியங்களை ஒலிநாடாவில் கேட்பது மாதிரி தலைக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ராத்திரித் தூக்கம் போச்சு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு நண்பர் மட்டும், 'வாரத்துல ரெண்டு நாள் ஒரு மாடியில ஜென் உட்காருறோம், வந்து பாருங்க' என்றார். இதைக் கேள்விப்பட்ட இன்னொரு தோழர், 'கண்ண மூடிக்கிட்டு உக்காந்தா சாதி ஒழிஞ்சிருமா தோழர்?' என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி சரியானது. இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தோழருக்கு ஒரு தகவல் திருத்தம்: ஜென்னில் கண்ணை மூடுவதில்லை. பாதி திறந்த கண்ணோடு, இரண்டு மூன்றடி தள்ளித் தரையில் பார்வையைத் தளர்வாக விட வேண்டும். மூடினால் கனவு வரும், அல்லது தூக்கம் வரும். சோட்டோ மரபில் சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள். ரின்சாய் மரபில் எதிரெதிர் வரிசையாக, நடுப்பக்கம் பார்த்து. எங்கள் மாடியில் சுவர். வெள்ளையடித்துப் பல வருஷமான சுவர்.

உட்காருகிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. தரையில் ஒரு சதுர விரிப்பு. அதன்மேல் உருண்டையான கெட்டித் தலையணை, பெயர் ஜாஃபு. அதன் முன்பாதியில் மட்டும் உட்கார வேண்டும். அப்போது இடுப்பு உயர்ந்து இரண்டு முழங்காலும் தரையில் படும். ஆக உடம்புக்கு மூன்று ஊன்றுபுள்ளிகள் கிடைக்கின்றன. முதுகை யாரும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டாம். இந்த முக்கோணம் சரியாக அமைந்தால் அது தானே நிமிரும். பத்மாசனம் வந்தால் நல்லது, பாதிப் பத்மாசனம் போதும், அதுவும் வராதென்றால் மண்டியிட்டு உட்காரலாம், நாற்காலியும் தப்பில்லை. வலது உள்ளங்கையின்மேல் இடது கை, கட்டைவிரல் நுனிகள் மெல்லத் தொட்டபடி. இந்தக் கட்டைவிரல்கள் ஒற்றர்கள். மனம் எங்காவது போய்விட்டால் அவை சரிந்துவிடும்; இறுக்கிக்கொண்டால் மேட்டுக்குப் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கே உங்கள் மனம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துபோகும்.

தொடக்கக்காரனுக்குத் தரப்படுகிற வேலை மூச்சை எண்ணுவது. வெளிமூச்சு ஒன்று, அடுத்த வெளிமூச்சு இரண்டு. பத்து வரை போய் மறுபடி ஒன்று. நடுவில் கணக்குத் தப்பினால் வருத்தப்படாமல் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். மூச்சை நீட்டவோ அடக்கவோ கூடாது. பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. 25 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடம் வரை ஒரு அமர்வு. மணி அடித்ததும் எழுந்து மெதுவாக நடப்பது. அதற்கு கின்ஹின் என்று பெயர். பிறகு மறுபடி உட்காருவது.

முதல் நாள் நான் நான்கைத் தாண்டவில்லை. மூன்றாவது எண்ணுக்குள் அறிக்கையின் ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை பதினேழு என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். மனம் எப்போதோ வெளியேறிவிட, எண்கள் தன்பாட்டுக்கு ஓடியிருக்கின்றன. எண்ணங்களே வரக்கூடாது என்பது நம்மிடையே உலவும் பெரிய தப்பபிப்பிராயம். எங்களுக்கு வழிகாட்டிய அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அதட்டல் அவருக்கு இன்னும் போகவில்லை. 'எண்ணம் வரும். வரட்டும். டீ போட்டுக் குடுத்து உக்கார வைக்காதீங்க' என்றார். பதிமூன்றாம் நூற்றாண்டு ஜப்பானியத் துறவி டோகென் (1200–1253) சீனாவிலிருந்து திரும்பியதும் எழுதிய அமர்வுக் கையேட்டின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். அதை மொழிபெயர்ப்பில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. தத்துவம் ஒருபுறம் இருக்க, காது தோளுக்கு நேராக இருக்கட்டும், மூக்கு தொப்புளுக்கு நேராக இருக்கட்டும், உடை தளர்வாக இருக்கட்டும் என்கிற மாதிரி தையற்காரர் அளவெடுப்புதான் அதில் கணிசம். திருமூலரின் மூன்றாம் தந்திரம் எம்.ஏ.வில் எனக்குப் பாடம். அட்டாங்க யோகத்தின் எட்டு உறுப்புகளையும் வரிசை தவறாமல் தேர்வில் எழுதினேன். இரண்டு வருஷத்தில் ஒரு ஆசிரியர்கூட எங்களை ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னதில்லை.

பெயருக்கு வருவோம். தியானம் என்ற வடசொல் பாலியில் ஜான என்றாகி, சீனத்துக்குப் போய்ச் சான் என்று குறுகி, ஜப்பானில் ஜென் ஆயிற்று. சீனத்துக்கு இதைக் கொண்டுபோனவராகச் சொல்லப்படும் போதிதருமரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் விடமாட்டார்கள், குறிப்பாக 2011-இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபிறகு. அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனப் பிரதி லோயாங் நகரத்து மடாலயங்கள் பற்றி 547-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அவருடைய சீடராகக் கருதப்படும் தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். இரண்டிலும் காஞ்சிபுரம் இல்லை. தமிழன் பெருமைக் கதையாடலில் இணைத்துக்கொள்ள அவர் தோதானவர் என்பதைத் தவிர, உட்காருகிறவனுக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தோழரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று நான்கு மாதத்தில் எனக்குத் தூக்கம் திரும்பியது. கோபம் குறைந்ததா என்றால் இல்லை. கோபத்துக்கும் வாய் திறப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி கிடைத்தது. கூட்டங்களில் அது உதவியாகத்தான் இருந்தது. இதை வைத்து 'ஜென் மனிதனை விடுவிக்கிறது' என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஜப்பானில் இந்த உட்காருதலின் வரலாறு என்னவாக இருந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். கட்டுரை மாறிப்போயிற்று.

சம காலத்தவர்களான இரண்டு துறவிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஷாகு சோயென், ரின்சாய் மரபு. 1887-இல் இலங்கைக்கு வந்து தேரவாதம் பயின்றவர். விவேகானந்தர் பேசியதால் நமக்குத் தெரிந்த 1893 சிகாகோ சர்வமத மாநாட்டில் ஜப்பானியப் பிரதிநிதிகளில் இவரும் ஒருவர். மேற்குக்கு ஜென்னைக் கொண்டுசேர்த்த டி.டி.சுசுகி இவருடைய மாணவர். 1904-இல் ருஷ்ய–ஜப்பானிய யுத்தம் தொடங்கியபோது சோயென் படையோடு சமயகுருவாகப் போனார். இரு நாட்டு அறிஞர்களும் சேர்ந்து யுத்தத்தைக் கண்டிக்கலாம் என்று டால்ஸ்டாய் அவருக்கு எழுதினார். சோயென் மறுத்துவிட்டார். புத்தர் கொல்லாமையைப் போதித்தது உண்மைதான், ஆனால் எல்லா உயிர்களும் ஒன்றுபடும் நாள் வரைக்கும் யுத்தம் தவிர்க்க முடியாதது என்பது அவர் தரப்பின் சாரம்.

இன்னொருவர் உச்சியாமா குடோ, 1874-இல் பிறந்தவர், சோட்டோ மரபு. ஹகோனே மலைப்பகுதியில் ஒரு ஏழைக் கிராமக் கோயிலின் குரு. குத்தகை விவசாயிகளோடு வாழ்ந்தவர். 1904-இல், சோயென் போர்முனைக்குப் போன அதே வருஷம், சோஷலிஸ்ட் பத்திரிகை ஒன்றில் தன் நிலைப்பாட்டை எழுதினார்: எல்லா உயிர்களுக்கும் புத்த இயல்பு உண்டென்றும் அனைவரும் சமமென்றும் சொல்கிற மார்க்கத்தில் இருந்துகொண்டு நான் சோஷலிஸ்டாக இல்லாமல் எப்படி இருக்க முடியும் என்ற பொருளில். 1908-இல் கோயிலுக்குள்ளேயே ரகசியமாக ஒரு பிரசுரம் அச்சிட்டார். குத்தகை கொடுக்காதே, ராணுவத்துக்குப் போகாதே, சக்கரவர்த்தி கடவுளின் வாரிசு என்பது பொய் என்பவை அதிலிருந்த செய்திகள். 1909-இல் கைது. பிறகு அரசரைக் கொல்லச் சதி என்ற பெரிய வழக்கில் அவரையும் சேர்த்தார்கள். 26 பேர் மீது விசாரணை, 24 பேருக்கு மரண தண்டனை. அதில் 12 பேரைத் தூக்கிலிட்டார்கள். குடோ தூக்கிலேறியது 1911 ஜனவரி 24. தண்டனைக்கும் முன்பாகவே, 1910-இல், அவருடைய சோட்டோ சபை அவரைத் துறவி நிலையிலிருந்து நீக்கிவிட்டது. அரசாங்கத்தைவிட வேகமாகத் தீர்ப்பு எழுதியது மதநிறுவனம்தான். அந்த நீக்கத்தை ரத்து செய்ய 1993 வரை ஆயிற்று.

இரண்டு பேரும் உட்கார்ந்தவர்கள்தான். இரண்டு பேருக்கும் முதுகு நேராகத்தான் இருந்திருக்கும். அமைதி என்பது ஒரு கருவி மாதிரி, யார் கைக்கும் போகும் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. சோயென் தனி மனிதர் இல்லை என்பது அடுத்த நாற்பது வருஷத்தில் தெரிந்தது. சீனத்தின் மீதான படையெடுப்பையும் பசிபிக் யுத்தத்தையும் ஜென் நிறுவனங்கள் ஆதரித்தன. தன்னிலையை அழித்துக்கொள் என்கிற போதனை, கட்டளைக்குத் தன்னைக் கொடு என்பதாகப் படைவீரனுக்கு மாற்றிச் சொல்லப்பட்டது. நான்–நீ பிரிவு இல்லை என்றால் கொல்கிறவன் யார், கொல்லப்படுகிறவன் யார்? இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதில்லை; குருட்சேத்திரத்தில் தேர்த்தட்டில் கேட்டதுதான். இதை ஜப்பானுக்குள்ளிருந்தே விடாமல் கேள்வி கேட்டவர் இச்சிகாவா ஹகுகென். அவரும் ஜென் துறவிதான். பௌத்தர்களின் யுத்தப் பொறுப்பு பற்றிய அவருடைய நூல் 1970-இல் வந்தது. ஆங்கிலத்தில் பிரையன் விக்டோரியாவின் 'ஜென் அட் வார்' 1997-இல் வந்த பிறகே வெளியுலகம் கவனித்தது. சோட்டோ சபை 1992-இல் வருத்த அறிக்கை வெளியிட்டது.

தோழரின் கேள்வியில் 'சாதி' என்ற சொல் இருக்கிறது. ஜப்பானில் அதற்கு நேரான ஒன்று உண்டு. தோல் பதனிடுதல், மாடு அறுத்தல், பிணம் சார்ந்த வேலைகள் இவற்றோடு கட்டிப்போடப்பட்ட மக்கள், பரம்பரையாகத் தனிக்குடியிருப்பு. புராகுமின் என்கிறார்கள். 1871-இல் சட்டப்படி அந்த இழிநிலை ஒழிக்கப்பட்டது. ஒழிந்ததா என்று நம்மிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. 1922-இல் அவர்களே சுய்ஹெய்ஷா என்ற விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். இதில் பௌத்தக் கோயில்களின் பங்கு என்ன? ஜப்பானில் இறந்தவர்களுக்குத் துறவி ஒரு மரணப்பெயர் சூட்டுவார். அது கல்லறையில் பொறிக்கப்படும். புராகுமின்கள் இறந்தால் அந்தப் பெயருக்குள் 'விலங்கு', 'தோல்', 'ஊழியன்' என்கிற மாதிரியான எழுத்துக்களை நுழைத்துவிடுவார்கள். செத்த பிறகும் அடையாளம் தெரிய வேண்டும். நம் ஊரில் சுடுகாடு தனி. அங்கே பெயரே தனி. சோட்டோ கோயில்களிலும் இது நடந்தது. 1979-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் நடந்த உலக சமய மாநாட்டில், சோட்டோ சபையின் தலைமைப் பொறுப்பாளர் எழுந்து ஜப்பானில் அப்படியொரு பாகுபாடே இல்லை என்றார். புராகு விடுதலை இயக்கம் விடவில்லை. தொடர்ந்த கண்டனங்களுக்குப் பிறகு அவர் தன் பேச்சைத் திரும்பப் பெற்றார். சபை தன் ஏடுகளையும் கல்லறைகளையும் சோதித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

இந்தச் சண்டையிலிருந்து பிறந்த கோட்பாட்டு விவாதம் நம் சிறுபத்திரிகைச் சூழலுக்கு வந்து சேராதது ஒரு இழப்பு. சோட்டோ சபையின் சொந்தப் பல்கலைக்கழகமான கொமாசாவாவிலிருந்தே ஹகமாயா நோரியாகி, மட்சுமோட்டோ ஷிரோ என்ற இரண்டு அறிஞர்கள் 1980-களில் ஒரு குண்டைப் போட்டார்கள். 'விமரிசன பௌத்தம்' என்று அதற்குப் பெயர். அவர்கள் வாதத்தை என் மொழியில் சுருக்கினால்: எல்லாரிடமும் விழிப்பு ஏற்கனவே, ஆதியிலேயே இருக்கிறது என்கிற கொள்கை பார்க்கச் சமத்துவம்போல இருக்கும். நடைமுறையில் அது இருப்பதை இருப்பபடியே ஆசீர்வதிக்கிற கொள்கை. அடியில் எல்லாம் ஒன்று என்று சொல்லிவிட்டால் மேலே உள்ள ஏற்றத்தாழ்வை யாரும் தொட வேண்டியதில்லை; மேடும் பள்ளமும் அந்த ஒன்றின் வெளிப்பாடுகள் ஆகிவிடுகின்றன. ஆகவே இது பௌத்தமே அல்ல. புத்தர் மறுத்த ஆன்மா கொல்லைப்புறம் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அவர்களுடைய அளவுகோல் சார்பில் தோற்றம் மட்டுமே. எதுவும் காரணங்களைச் சார்ந்து தோன்றுகிறது. காரணம் நீங்கினால் அதுவும் நீங்கும்.

இதைப் படித்தபோது நான் மணிமேகலையின் கடைசிக் காதைக்குத் திரும்பினேன். பேதைமை தொடங்கிப் பன்னிரண்டு சார்புகள், அதையும் எம்.ஏ.வில் உருப்போட்டவன்தான் நான். வறட்டுப் பட்டியல் என்று நாங்கள் அலுத்துக்கொண்ட பகுதி. அடியில் எல்லாம் ஒன்று என்ற ஆறுதல் அதில் எங்கேயும் இல்லை. இது இருப்பதால் அது, இது அற்றால் அது இல்லை என்கிற கணக்கு மட்டும்தான். சாதியை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 'எல்லா உயிரும் சிவமே' என்பதில் வைத்துப் பார்க்க முடியாது; அப்படிச் சொல்லிக்கொண்டே தனிக்குவளை வைத்தவர்கள் நம் மண்ணில் உண்டு.

ஆனால் ஹகமாயாவோடு எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. அவர் தள்ளிவைக்கச் சொல்கிற அதே கொள்கையிலிருந்துதான் குடோ சோஷலிசத்துக்குப் போனார். எல்லாருக்கும் புத்த இயல்பு உண்டு என்ற வாக்கியத்தைச் சபை வாசித்தபோது, 'ஆகவே குறை ஒன்றுமில்லை' என்று வந்தது. குத்தகைக்காரன் வீட்டுத் திண்ணையிலிருந்து வாசித்த குடோவுக்கு, 'அப்படியானால் இந்தப் பட்டினி எப்படி வந்தது' என்று கேட்கத் தோன்றியது. பிரதி ஒன்று, வாசிப்பு இரண்டு. எங்கே உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பதை உட்காருதல் தீர்மானிப்பதில்லை. குடோ ஜாஃபுவில் கண்டுபிடித்ததல்ல அந்தக் கேள்வி. கிராமத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் உட்கார்ந்தார்.

இந்த வரலாறு ஜப்பானோடு நின்றுவிடவுமில்லை. கொடைக்கானல் வழியில் பெருமாள்மலையில் 1996-இல் தொடங்கப்பட்ட போதி ஜென்டோவை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். தொடங்கியவர் ஏ.எம்.ஏ.சாமி என்ற இயேசு சபைத் துறவி. பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், காமகுராவில் யமடா கோவுனிடம் பயின்றவர். கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் பௌத்த ஆசானாக இருக்கிற அந்தக் கலப்பு எனக்குப் பிடித்த விஷயம். யமடா கோவுனின் ஆசான் யசுதானி ஹகுவுன். இந்த யசுதானிதான் 1943-இல் டோகென் பற்றி எழுதிய புத்தகத்தில் யுத்தத்தைப் போற்றியும் யூதர்களைப் பழித்தும் எழுதியவர். அவர் நிறுவிய சபை, யுத்தம் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து அதற்காக மன்னிப்புக் கேட்டது. எண்ணி எண்ணி நான் மூச்சு விடக் கற்ற முறையும் இதே கிளையிலிருந்து வந்ததுதான். எந்தப் பரம்பரையும் சுத்தம் இல்லை என்று ஒரு வரியில் தாண்டிப் போகலாம். ஆனால் விழிப்பு பெற்றவர் என்று ஆசானாலேயே உறுதிசெய்யப்பட்ட ஒருவர் இப்படி எழுதினார் என்றால், அந்த 'விழிப்பு' எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது?

வழிகாட்டும் அம்மாவிடம் இதைக் கேட்டேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. 'தெரியும் தம்பி. உட்காருறதால நல்லவங்களாயிடுவோம்னு நான் யாருக்கும் சொன்னதில்லை' என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, ஜென் மரபில் உட்காருதலோடு சீலங்களும் உண்டு, கொல்லாமை அதில் முதலாவது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை, முதுகை மட்டும் நிமிர்த்திவிடுகிறோம் என்றார். நேர்மையான பதில். போதாத பதிலும்கூட. கொல்லாமை விரதம் எடுத்த துறவிகள்தானே படையோடு போனார்கள்?

ஒரு முறை அவரிடம் 'மு' கதை பற்றியும் கேட்டேன். நாய்க்குப் புத்த இயல்பு உண்டா என்று ஒரு துறவி கேட்க, சாவோசோ என்ற சீன ஆசான் 'மு', அதாவது இல்லை, என்றார். 1228-இல் தொகுக்கப்பட்ட 'வாயிலற்ற வாயில்' என்ற நூலின் முதல் புதிர் இது. எல்லாருக்கும் உண்டு என்பது கொள்கையாக இருக்கும்போது ஆசான் இல்லை என்கிறார். நான் உற்சாகமாக, கொள்கை ஆறுதலாக மாறுகிற இடத்தில் விழுகிற வெட்டு இது, ஹகமாயா இதைக் கவனித்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். 'அது வியாக்கியானம். நீங்க இன்னும் பத்து வரைக்கும் எண்ணல' என்று நிறுத்திவிட்டார்.

அம்பேத்கர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: பிக்கு என்பவர் தன்னைச் செம்மை செய்துகொள்கிற மனிதரா, சமூகத் தொண்டரா? முதலாவது மட்டும் என்றால் அவரால் பௌத்தத்துக்குப் பயனில்லை என்பது அவர் முடிவு. அந்தக் கேள்வியை ஜாஃபுவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்காருகிறேன். காலையில் 25 நிமிடம். வலது முழங்கால் இன்னும் வலிக்கிறது. கிராமத்து வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. அறிக்கையின் இரண்டாம் பகுதியைப் போன மாதம்தான் முடித்தேன், முந்தையதைவிட நிதானமாக எழுதியிருப்பதாகக் குழுவில் சொன்னார்கள். நிதானம் அதன் சூட்டைக் குறைத்திருக்கிறதா என்று தோழரிடம் படித்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.